பின்னால மாத்திக்கலாம்

அத்தியாயம் பதினொன்று

லேப்டாப் திரையில் ஒரு வீட்டின் முகப்பு பாதி வந்த நிலையில் உறைந்து நின்றது. வாசல் இருந்தது. மாடி இல்லை.

சுபஸ்ரீ விரலால் ஒரு பட்டனைத் தட்டிப் பார்த்தாள். அசையவில்லை. லேப்டாப்பின் அடிப்பக்கம் தோசைக்கல் மாதிரி கொதித்தது.

"மறுபடியும் ஹேங் ஆயிடுச்சா?" சட்டைப் பட்டனைப் போட்டபடி அவள் கணவன் சரத்குமார் எட்டிப் பார்த்தான்.

"ரெண்டாவது தடவைங்க. பண்ணின அவ்வளவும் போச்சு."

"இன்னையோட அதுக்கு விடுதலை. கலீம் பாய்கிட்ட பேசிட்டேன். புது கம்ப்யூட்டரை மதியத்துக்குள்ள மாட்டி வெச்சிடறேன்னாரு. நீ போய்ப் பாத்துட்டு இரு. மில்லுல லோடு ஏத்தி அனுப்பிட்டு நான் வந்துடறேன்."

ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினான். ஸ்ரீரங்கம் மேலூர் ரோட்டு வாடகை வீட்டிலிருந்து தினமும் மண்ணச்சநல்லூருக்குப் போய் வருவது அவனுக்குப் பழகிவிட்டது. அங்கே அவன் அப்பா செல்லக்கண்ணுவின் அரிசி மில் இருந்தது.

ஒரு காலத்தில் அவன் போன இடம் வேறு. தில்லை நகரில் ஒரு கட்டட நிறுவனத்தில் வரைபடப் பிரிவுக்கே தலைவனாக இருந்தான். கொரோனா காலத்தில் அந்த நிறுவனம் மூடப்பட்டது. சில மாதம் வேலை தேடினான். பிறகு தேடுவதை நிறுத்திவிட்டு அப்பாவோடு போய் நின்றான்.

கட்டப்போகும் வீடு எப்படி இருக்கும் என்று கட்டுவதற்கு முன்பே கம்ப்யூட்டரில் காட்டும் வேலையை சுபஸ்ரீக்குக் கற்றுக்கொடுத்தவனும் அவன்தான். வீட்டில் சும்மா இருந்த நாட்களில், பொழுது போகட்டும் என்று சொல்லிக்கொடுத்தான். அவள் பொழுது போக்கவில்லை. ஒரு இன்ஜினீயர், அவர் சொல்லி இன்னொருவர் என்று வேலை வந்தது. முன்பு சில வேலை கொடுத்திருந்த சித்தார்த்தன் போன வாரம் வீட்டுக்கே வந்தான்.

சித்தார்த்தன் பழைய நிறுவனத்தில் சரத்குமாரின் கீழ் வேலை பார்த்தவன். இப்போது சொந்தமாக பில்டர். வயலூர் ரோட்டில் வில்லா கட்டுகிறான். ஒவ்வொரு வில்லாவுக்கும், உள்ளே நடந்து போய்ப் பார்ப்பது போல ஒரு வீடியோ வேண்டும். ஒரு வருஷத்துக்குக் குறையாத வேலை. "ஆனா இந்த லேப்டாப் தாங்காதுக்கா. திங்கட்கிழமைக்குள்ள நல்ல மெஷின் இருந்தா உங்களுக்குத்தான்," என்று சொல்லிவிட்டுப் போனான்.

அன்று சரத்குமார் ஒரு முனகல்கூட இல்லாமல், "வாங்கிடலாம்," என்றான். பாதி என் காசு, பாதி உன் காசு என்று அவனே சொன்னான். சுபஸ்ரீக்கு நம்ப முடியவில்லை. சித்தார்த்தன் பெயரை எடுத்தாலே எழுந்து போய்விடுகிறவன் அவன்.

அதைவிட ஆச்சரியம் செவ்வாய்க்கிழமை சாயங்காலம். அவள் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். பழைய நாட்களைப் போல.

"ஒரே காசுக்கு ரெண்டு வழி இருக்கு சுபா. பழைய மாடல் மதர்போர்டுல பெரிய ப்ராசஸர். இல்லன்னா புது போர்டுல நடுத்தர ப்ராசஸர்."

"எது நல்லது?"

"இன்னைக்கு மட்டும்னா பெரிசுதான் நல்லது. பன்னண்டு கோர், பன்னண்டு பேர் சேந்து வேலை பாக்கற மாதிரி, பறக்கும். ஆனா அந்த போர்டுல ப்ராசஸர் உக்கார்ற சாக்கெட்டுக்கு இனிமே புதுசா எதுவும் வராது. அதோட முடிஞ்சுது. புது போர்டுன்னா இன்னும் ரெண்டு மூணு தலைமுறை வரைக்கும் ப்ராசஸர் வரும். இருக்கறதைக் கழட்டிட்டு வேற மாட்டினா போதும்."

"அப்ப எதை வாங்கறது?"

"எத்தனை வருஷம் இதுல வேலை பார்க்கப் போறே? அதைச் சொல்லு."

"பத்து வருஷம்."

அவன் சிரித்தான். "அப்ப புது போர்டு. இப்போதைக்கு ஆறு கோர் போதும். பின்னால மாத்திக்கலாம்."

அந்தச் சிரிப்பை நினைத்துக்கொண்டுதான் சுபஸ்ரீ இன்று ஒன்றாம் நம்பர் பஸ் ஏறினாள்.

*

சாலை ரோட்டில் கலீமின் கடை முதல் மாடியில் இருந்தது. படியேறும்போதே புது அட்டைப்பெட்டி வாசனை வந்தது.

"வாங்கம்மா, உக்காருங்க. ரெடியாயிடுச்சு," என்றார் கலீம். தாடி நரைத்தவர். பழைய நிறுவனத்துக்கு மெஷின் கொடுத்த காலத்திலிருந்து சரத்குமாரைத் தெரிந்தவர்.

மேஜைமேல் கறுப்புப் பெட்டி நின்றது. ஒரு பக்கம் கண்ணாடி. உள்ளே விசிறிகள் சுற்றின. சுபஸ்ரீ குனிந்து பார்த்தாள். அழகாகத்தான் இருந்தது. தொட்டுப் பார்த்தாள். பிறகு மேஜையோரம் கிடந்த காலிப் பெட்டிகளைப் பார்த்தாள்.

மதர்போர்டின் அட்டைப்பெட்டியைக் கையில் எடுத்தாள். மேலே எழுதியிருந்த எண்ணைப் படித்தாள். திரும்பவும் படித்தாள்.

"பாய், இது பழைய சாக்கெட்."

"ஆமாம்மா."

"நாங்க புதுசுல்ல சொல்லியிருந்தோம்?"

"முதல்ல அதைத்தான் சொன்னாரு. அப்புறம் புதன்கிழமை போன் பண்ணி இதுக்கு மாத்தச் சொன்னாரு சார். உங்ககிட்ட சொல்லலீங்களா?"

சுபஸ்ரீ போனை எடுத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு எடுத்தான். பின்னால் மில்லின் இரைச்சல்.

"ஏங்க, போர்டை மாத்தச் சொன்னீங்களா?"

இரைச்சல் கொஞ்சம் குறைந்தது. தள்ளி வந்திருப்பான்.

"ஆமா. யோசிச்சுப் பாத்தேன். திங்கட்கிழமையே உனக்கு வேலை ஆரம்பிக்குது. ஆறு கோரை வெச்சுக்கிட்டு நீ கஷ்டப்படணுமா? இது பன்னண்டு. உனக்காகத்தான் சுபா."

"சொல்லியிருக்கலாமே."

"சர்ப்ரைஸா இருக்கட்டும்னு நெனைச்சேன். சரி, லாரி நிக்குது. வந்து பேசறேன்."

போனை வைத்த பிறகு அவள் கொஞ்சம் இளகினாள். அவன் சொன்னதில் தப்பில்லை. திங்கட்கிழமைக்கு இதுதான் வேகம். அவள் அவசரப்பட்டுக் கேட்டுவிட்டாளோ என்னவோ.

அவள் முகத்தைப் பார்த்த கலீம், சமாதானமாகப் பேசினார். "கவலைப்படாதீங்கம்மா. நீங்க வேலை பாக்கற வரைக்கும் இது சூப்பரா ஓடும். பின்னாடி மாத்தற வசதிக்குன்னு புது போர்டுக்கு அதிகம் கொடுக்கறது, ரொம்ப வருஷம் வெச்சுக்கறவங்களுக்குத்தான். உங்களுக்கு எதுக்கு அது?"

"எனக்கு எதுக்குன்னா?"

"தையோட நீங்க வேலையை நிறுத்திட்டு மண்ணச்சநல்லூருக்குப் போறீங்கல்ல. சார் சொன்னாரு. மூணு நாலு மாசம் உழைச்சாப் போதும் பாய், அப்புறம் அண்ணன் பையன் லீவுக்கு வந்தா கேம் விளையாடட்டும்னாரு. அப்ப இதுதாம்மா சரியான விலை. நான்கூட..."

கலீம் பேச்சை நிறுத்தினார். எதிரே இருந்தவள் முகம் வெளுத்திருந்தது.

"தண்ணி குடிக்கிறீங்களாம்மா?"

"வேணாம் பாய்." சுபஸ்ரீ எழுந்தாள். அட்டைப்பெட்டியை இருந்த இடத்திலேயே வைத்தாள். "இதை யாருக்கும் கொடுத்து அனுப்பாதீங்க. நான் வந்துடறேன்."

"நான் ஏதாவது தப்பாச் சொல்லிட்டேனாம்மா?"

"நீங்க இல்ல பாய்," என்றாள்.

*

சத்திரம் பஸ் ஸ்டாண்டில் மண்ணச்சநல்லூர் பஸ் காலியாக நின்றது. ஜன்னலோரம் உட்கார்ந்தாள். காவிரியில் இரு கரையும் தொட்டுத் தண்ணீர் ஓடியது. அவள் பார்க்கவில்லை. கொள்ளிடம் தாண்டி டோல்கேட்டில் பஸ் நின்றபோது, பேசாமல் இறங்கித் திரும்பிவிடலாமா என்று தோன்றியது. திரும்பி எங்கே போவது? வீட்டுக்குப் போனால் சாயங்காலம் அவன் வருவான். சர்ப்ரைஸ் என்பான். தானும் சிரித்துவிடுவோமோ என்று பயமாக இருந்தது. அதனால் இறங்கவில்லை.

மில்லுக்கு அடுத்த தெருவில் மாமியார் வீடு. விஜயராணி கூடத்தில் உட்கார்ந்து காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். வீடு முழுக்க பெயின்ட் வாசனை.

"வா சுபா. என்ன திடீர்னு? சரத் மில்லுல இருக்கான்."

"உங்களைப் பாக்கத்தான் அத்தை வந்தேன்."

"மாடிக்குப் போய்ப் பாத்தியா? நேத்துதான் ரெண்டாவது கோட்டும் அடிச்சு முடிச்சாங்க. இளம் பச்சை. உனக்குப் பிடிச்ச கலர்னு சரத் சொன்னான்."

சுபஸ்ரீ மாடிப்படியைப் பார்த்தாள். படியில் சொட்டுச் சொட்டாகப் பச்சை காய்ந்திருந்தது.

"யாருக்கு அத்தை மாடி?"

"யாருக்குன்னா? உங்களுக்குத்தான். பெரியவன் குடும்பத்தோட ஓசூர் போனதுலேருந்து வீடே வெறிச்சோடிக் கெடக்கு. நீங்க வந்துட்டா எனக்கும் ஒரு கை ஒத்தாசை."

"நாங்க வரணும்னு நீங்களா கேட்டீங்க?"

விஜயராணி நிமிர்ந்தார். "நாங்க எங்க கேட்டோம்? அவனாத்தான் வந்து சொன்னான். சுபாவுக்கு முதுகு வலி, கண்ணு எரியுது, வேலையே வேணாம்ங்கறா, இங்க வந்துடறோம்மான்னு. உங்க மாமாகூட கேட்டாரு. நல்லா வந்துக்கிட்டிருக்கற வேலையை அந்தப் புள்ள ஏன் விடுதுன்னு. அவதான் பிடிவாதமா நிக்கறாப்பான்னான்."

"நான் அப்படிச் சொல்லவே இல்ல அத்தை."

மடித்த துண்டு விஜயராணியின் மடியிலேயே இருந்தது. "சொல்லலையா?"

"இல்ல. இன்னைக்குத்தான் கேள்விப்படறேன். அதுவும் கடைக்காரர் சொல்லி."

மாமியார் அவளையே பார்த்தார். சுபஸ்ரீ ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தாள். அவன் செய்தது தப்பு என்று ஒரு வார்த்தை. அது போதும் என்றிருந்தது அவளுக்கு.

விஜயராணி துண்டை எடுத்து அடுக்கின்மேல் வைத்தார். அடுத்த துணியை எடுத்தார்.

"என்னமோ, புருஷன் பொண்டாட்டிக்குள்ள ஆயிரம் இருக்கும். ஆனா இப்ப பின்வாங்கினா நல்லாவா இருக்கும்? மாடிக்கு பெயின்ட் அடிச்சாச்சு. சொந்தக்காரங்ககிட்டல்லாம் சொல்லியாச்சு. ஸ்ரீரங்கத்துல வீட்டு ஓனர்கிட்டகூட தைக்குக் காலி பண்றோம்னு சொல்லிட்டானே. எங்க முகத்தை நாங்க எங்க வெச்சுக்கறது?"

வீட்டையும் விட்டுவிட்டானா? சுபஸ்ரீக்கு அது புதிது.

"என் வேலையை நான் எங்க வெச்சுக்கறது அத்தை?"

"இங்க வந்து செய்யேன். யாரு வேணாம்னா? காலைல சமையல் முடிச்சுட்டு, மில் ஆளுங்களுக்கு டீ போட்டுக் கொடுத்துட்டு, நடுவுல பாத்துக்கலாம். மாடியில ப்ளக் பாயின்ட்டெல்லாம் வெச்சிருக்கு."

விஜயராணி குரலில் கோபமில்லை. அன்பாகத்தான் சொன்னார். அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

"சாப்பிட்டுப் போ," என்றார்.

"பசிக்கலை அத்தை."

*

மில் வாசலில் லாரி போய்விட்டிருந்தது. சரத்குமார் எடைமேடை பக்கம் நின்று டிரைவர் ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் பேச்சை விட்டுவிட்டு வந்தான். சட்டையெல்லாம் தவிட்டுத் தூசி.

"இங்க எதுக்கு வந்தே? கடையில இருக்கச் சொன்னேனே."

"மாடியைப் பாக்க வந்தேன். இளம் பச்சை எனக்குப் பிடிக்கும்னு எப்பங்க சொன்னேன்?"

அவன் சுற்றிலும் பார்த்தான். மில் சுவர் ஓரமாக, சத்தம் குறைந்த பக்கத்துக்கு அவளை அழைத்துப் போனான்.

"சுபா, சொல்லணும்னுதான் இருந்தேன். எப்படி ஆரம்பிக்கறதுன்னு தெரியல."

"அம்மாகிட்ட ஆரம்பிக்கத் தெரிஞ்சுது. வீட்டு ஓனர்கிட்ட தெரிஞ்சுது. கலீம் பாய்கிட்டகூட தெரிஞ்சுது. எனக்கு முதுகு வலின்னு ஊருக்கே தெரியுது. எனக்கு மட்டும் தெரியல."

"கத்தாதே. ஆளுங்க இருக்காங்க."

"நான் கத்தலையே."

உண்மையில் அவள் கத்தவில்லை. குரல் இவ்வளவு தணிவாக வருவது அவளுக்கே வியப்பாக இருந்தது.

"போர்டு விஷயத்துல உங்களுக்குத் தெரியாம நடந்திருந்தா விட்டுடுவேன்," என்றாள். "எதுல என்ன ஏறும், எது எத்தனை வருஷம் வரும்னு எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீங்கதான். செவ்வாய்க்கிழமை பக்கத்துல உக்காந்து சொன்னீங்க. பத்து வருஷம்னு நான் சொன்னப்ப சிரிச்சீங்க. எதுக்குங்க சிரிச்சீங்க?"

"சுபா..."

"மறுநாளே போன் பண்ணி மாத்தியிருக்கீங்க."

அவன் சுவரில் சாய்ந்தான். கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தான். துடைக்கத் துடைக்கத் தூசி இன்னும் பரவியது.

"தெரிஞ்சேதான் மாத்தினேன்," என்றான். "பின்னால மாத்திக்கலாம்னு ஒரு வழி இருந்தா நீ நிறுத்தவே மாட்டே. வருஷா வருஷம் ஒண்ணைக் கழட்டிட்டு இன்னொண்ணை மாட்டிக்கிட்டே போயிட்டிருப்பே. இந்தப் பழைய போர்டுன்னா ஒரு கட்டத்துல திணறும், மேல ஏத்த வழியிருக்காது. அதோட உனக்கும் அலுத்துப் போகும்னு நெனைச்சேன்."

"எனக்கு எதுக்கு அலுக்கணும்?"

"எனக்கு அலுத்துப் போச்சு." அவன் கைக்குட்டையைக் கசக்கினான். "காலைல எழுந்தா நீ ஸ்க்ரீன்ல வீடு கட்டிக்கிட்டிருக்கே. நான் தவிடு பூசிக்கிட்டு வரேன். நான் வரைஞ்சதைப் பாத்துக் காப்பி அடிச்சுக் கத்துக்கிட்டவன் சித்தார்த்தன். என் டேபிளுக்குப் பக்கத்துல நின்னு சார் சார்னு கூப்பிட்டவன். அவன் என் வீட்டு சோபாவுல உக்காந்து உன்கிட்ட வேலை பேசறான். நான் உள்ளேருந்து காபி எடுத்துட்டு வரேன்."

சுபஸ்ரீ அவன் சட்டையிலிருந்த தூசியைப் பார்த்தாள்.

"ஆடி மாசம் அவன்கிட்ட நான் வேலை கேட்டேன். ஆபீசுக்கே போய்க் கேட்டேன். எடம் இல்ல சார்னுட்டான். அக்கா செய்யறதே போதும்னான்."

அவள் கோபம் ஒரு நிமிஷம் தடுமாறியது. அந்த ஆபீஸ் நாற்காலியில் இவன் உட்கார்ந்து கேட்டிருப்பதை நினைத்துப் பார்த்தாள். இந்தச் சட்டையோடா போனான்? நல்ல சட்டை போட்டுக்கொண்டா?

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்ங்க."

"சொன்னா எனக்காக நீ அவன்கிட்ட பேசியிருப்பே."

"ஆமா."

"அதனாலதான் சொல்லல."

உள்ளிருந்து யாரோ அவனைக் கூப்பிட்டார்கள். அவன் திரும்பிப் பார்த்து, வருகிறேன் என்று கையைக் காட்டினான்.

"சரி, நடந்தது நடந்துபோச்சு," என்றான். "வீட்டுக்குப் போ. சாயங்காலம் பேசிக்கலாம். மெஷினை நானே எடுத்துட்டு வரேன். நல்ல மெஷின் சுபா. இருக்கற வரைக்கும் நல்லா ஓடும்."

அவள் கொஞ்சம் இளகத் தொடங்கியிருந்தாள். அந்த 'இருக்கற வரைக்கும்' மட்டும் இல்லாமலிருந்தால் ஒருவேளை வீட்டுக்கே போயிருப்பாள்.

*

"பாய், அதைக் கழட்டிடுங்க," என்றாள் கடைக்குள் நுழைந்ததும்.

கலீம் காரணம் கேட்கவில்லை. "புது போர்டு போட்டுடட்டுமாம்மா?"

"போடுங்க. அவர் கொடுத்த அட்வான்ஸை அவருக்கே அனுப்பிடுங்க. என் காசுல எவ்வளவு வருமோ அவ்வளவு போதும்."

கலீம் நெற்றியைத் தேய்த்தார். "நீங்க பேசின மாதிரி அப்படியே வராதும்மா. ஏதாவது ஒண்ணைக் குறைக்கணும். கிராபிக்ஸ் கார்டைக் குறைக்கலாமா?"

"அதுல கை வைக்காதீங்க. வீடியோ அதுலதான் ஓடும். ப்ராசஸரைக் குறைங்க. அப்பவும் பத்தலைன்னா மிச்சத்தை மாசா மாசம் கொடுத்துடறேன்."

"ஆறு கோருக்குக் கீழயா? அந்த போர்டுக்கு இருக்கறதுலயே சின்னது ஒண்ணு இருக்கு. நாலு கோர். ஆனா இவ்வளவு நல்ல போர்டுல அதைப் போட எனக்கே மனசு வரல. வேலை மெதுவாத்தான் போகும்."

"போகட்டும்."

"திங்கட்கிழமை வேலைன்னீங்களே."

"ராத்திரி ஓட விட்டுட்டுத் தூங்கறேன். காலைல முடிஞ்சிருக்கும். சம்பாதிச்சு அடுத்த வருஷம் பெருசு மாட்டிக்கறேன். போர்டு மட்டும் அதுவா இருக்கணும்."

கலீம் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனார். திருகாணி கழலும் சத்தம் கேட்டது. பெரிய ப்ராசஸரை வெளியே எடுத்து, அதன்மேல் இருந்த, சூடு கடத்தும் பசையைத் துடைத்து வைத்தார். எந்தக் குற்றமும் இல்லாத பொருள். வேறு யாருக்காவது நன்றாக உழைக்கும்.

சுபஸ்ரீயின் போன் அடித்தது. சித்தார்த்தன்.

"அக்கா, திங்கட்கிழமை ஆரம்பிச்சிடலாம்ல?"

"ஆரம்பிச்சிடலாம் தம்பி. முதல் வீடியோ கொஞ்சம் லேட்டாகும். ஒரு ரெண்டு நாள்."

"பரவாயில்லக்கா. ஆனா வீட்டுல ஏதாவது பிரச்னைன்னா இப்பவே சொல்லிடுங்க. சென்னையில ஒருத்தரைப் பேசி வெச்சிருக்கேன். நடுவுல நின்னா எனக்குக் கஷ்டம்."

"வீட்டுல பிரச்னைன்னு யாரு சொன்னா?"

"சும்மாத்தான் கேட்டேன்க்கா," என்று சித்தார்த்தன் மழுப்பினான்.

"தம்பி, ஆடி மாசம் அவர் உங்க ஆபீசுக்கு வந்தாராமே. வேலை கேட்டு."

"சார் சொன்னாரா?" சித்தார்த்தன் தயங்கினான். "வந்தாருக்கா. எனக்கே ரொம்ப சங்கடமாப் போச்சு. வரையறதுக்கு இன்னொரு ஆள் தேவையில்லன்னு எப்படியோ சொல்லிட்டேன். அதை விடுங்கக்கா."

"அப்புறம்?"

"அதை விடுங்களேன்."

"அப்புறம் என்ன சொன்னாரு, சொல்லுங்க."

"எனக்கு இல்லன்னா அவளுக்கும் கொடுக்காதன்னாரு. இனிமே எந்த வேலையும் அவளுக்கு அனுப்பாத, வீட்டுல நிம்மதியா இருக்கட்டும்னாரு. நானும் சரின்னு தலையாட்டிட்டேன். ரெண்டு மாசம் நான் உங்களைக் கூப்பிடவே இல்ல, கவனிச்சிருப்பீங்க."

கவனித்திருந்தாள். ஆவணியிலும் புரட்டாசியிலும் அவனிடமிருந்து ஒரு வேலையும் வரவில்லை. தான் வரைந்தது பிடிக்கவில்லையோ என்று நினைத்து, பழைய படங்களையெல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு எங்கே தப்பு செய்தோம் என்று தேடினாள். அப்போது சரத்குமார் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "விடு சுபா, எல்லாருக்கும் எல்லாமும் வந்துடாது," என்று தலையைத் தடவிவிட்டான்.

"அப்புறம் ஏன் கூப்பிட்டீங்க?" என்று கேட்டாள்.

"நீங்க முன்னாடி பண்ணிக்கொடுத்த படத்தைப் பாத்துத்தான் ரெண்டு பேரு வில்லா புக் பண்ணினாங்க. எனக்கு வியாபாரம்தானேக்கா முக்கியம்."

"ஆமா தம்பி," என்றாள். "திங்கட்கிழமை பேசறேன்."

போனைப் பையில் போட்டாள். கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழுகை வரவில்லை. அந்த இரண்டு மாதமும் அவள் அழுதிருக்கிறாள். அவன் தோளில் சாய்ந்தே அழுதிருக்கிறாள். இனி அதற்கென்று தனியாக ஒன்றும் மிச்சமில்லை.

கலீம் பில் புத்தகத்தோடு வந்தார். "யார் பேர்ல போடட்டும்மா? எப்பவும் சார் பேர்லதான் போடுவேன்."

"சுபஸ்ரீன்னு போடுங்க."

"அட்ரஸ்? ஸ்ரீரங்கமே போட்டுடவா?"

அவள் வாயைத் திறந்து, மூடினாள். தைக்குப் பிறகு அந்த வீடு இல்லை. அதற்குப் பிறகு எது என்று அவளுக்கே தெரியவில்லை.

"போன் நம்பர் மட்டும் போடுங்க பாய். அது மாறாது. மெஷின் திங்கட்கிழமை வரைக்கும் இங்கயே இருக்கட்டும். எங்க கொண்டு வரணும்னு நானே சொல்றேன்."

"சார் வந்து கேட்டா?"

"பில்லுல இருக்கற பேரைக் காட்டுங்க."

படியிறங்கி வந்தபோது சாலை ரோட்டில் விளக்குகள் எரிய ஆரம்பித்திருந்தன. எதிர்ப்பக்கம் டீக்கடை ஓரமாக பைக் நின்றது. சரத்குமார் அதன்மேல் உட்கார்ந்திருந்தான். முகம் கழுவி, வேறு சட்டை மாற்றியிருந்தான். அவளைப் பார்த்ததும் வண்டியைக் கிளப்பிக்கொண்டு பக்கத்தில் வந்தான்.

"அட்வான்ஸ் காசு திரும்பி வந்திருக்கு. எதுக்கு இப்படியெல்லாம் பண்றே?" குரலில் கோபமில்லை. களைப்புதான் இருந்தது. "அம்மா போன் பண்ணி அழறாங்க. ஏறு, வீட்டுக்குப் போலாம். நான் பண்ணினது தப்புதான். எல்லாத்தையும் சொல்லிட்டேன்ல. இனிமே உன்கிட்ட மறைக்க என்கிட்ட ஒண்ணும் இல்ல சுபா."

பின் சீட்டில் அவளுக்காகக் கொண்டுவந்த ஹெல்மெட் மாட்டியிருந்தது. அவன் அதைக் கழற்றி நீட்டினான்.

சுபஸ்ரீ அதை வாங்கிக்கொள்ளவில்லை.

"ஆடி மாசம் நீங்க சித்தார்த்தன்கிட்ட ரெண்டு விஷயம் கேட்டீங்க," என்றாள். "என்கிட்ட ஒண்ணைத்தான் சொன்னீங்க."

நீட்டிய கை அப்படியே நின்றது. பின்னால் வந்த ஆட்டோக்காரர் ஹாரன் அடித்துவிட்டு விலகிப் போனார். சரத்குமார் வண்டியின் இன்ஜினை அணைத்தான்.